சோத்துக்கைப் பக்கம்

திங்கட்கிழமைகளில் மருத்துவமனையிலிருந்து இருநூற்று நாற்பது படுக்கை விரிப்புகள் சலவைக்கு வரும். சனி, ஞாயிறுக்கும் சேர்த்து வருவதால் மற்ற நாட்களைவிட இரண்டு மடங்கு. காலை ஆறு மணிக்கு வண்டிக்காரர் பின்வாசலில் மூட்டைகளைத் தள்ளிவிட்டுப் போவார். அம்மா அவற்றைப் பிரித்துக் கறை பட்டதைத் தனியாகப் போடுவாள். அண்ணன் கொதிகலனைப் பார்த்துக்கொள்வான். துவைத்துப் பிழிந்து வருவதைக் கொடியில் போடுவதும் காய்ந்ததை மடிப்பதும் தங்கையின் வேலை. மடிக்க இரண்டு பேர் வேண்டும் என்பதால் அதற்கு அண்ணனும் வந்து நிற்பான்.

எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு மூலைகளைப் பிடிப்பார்கள். இழுத்து உதறியதும், கிழிசல் எந்த ஓரத்தில் இருக்கிறது என்று அண்ணன் பார்ப்பான். அந்த ஓரம் உள்ளே போகும்படி மடிக்க வேண்டும். "சோத்துக்கைப் பக்கம்" என்பான். இரண்டு பேரும் ஒரே ஓரத்தைத் தூக்குவார்கள். இருபது வருடமாக இப்படித்தான் நடக்கிறது.

தங்கைக்கு முப்பத்தொரு வயது. வீட்டில் இன்னும் பாப்பாதான். பதினோரு வயதில் பார்வை மங்கத் தொடங்கியது. பத்தொன்பதில் இடது கண் முழுக்கப் போய்விட்டது. வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் மிச்சம். ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது, விளக்கு எரிகிறதா, அவ்வளவு தெரியும். தினமும் காலையில் அம்மா அவளை ஜன்னலைப் பார்க்க நிறுத்தி மருந்து விடுவாள்.

"தெரியுதாடி?"

"தெரியுதும்மா."

அதைக் கேட்ட பிறகுதான் அம்மா டீ குடிப்பாள்.

அவள் பன்னிரண்டு வருடம் ஓடினாள். ஆயிரத்து ஐநூறு மீட்டர். அவள் மணிக்கட்டையும் அண்ணன் மணிக்கட்டையும் ஒரு முழ நாடா சேர்த்திருக்கும். அவள் கால் விழும்போது அவன் காலும் விழும். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு இருவரில் யாருக்குக் கண் தெரியாது என்று தெரியாது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. கோல் பிடிக்கமாட்டாள். தெருவில் அண்ணன் முழங்கையைப் பிடித்து, ஏதோ பேசிக்கொண்டே போகிற மாதிரி நடப்பாள். துவைக்கும் கூடத்தில் எல்லோரும் அவளைக் குதிரை என்று கூப்பிட்டார்கள்.

பிறகு அண்ணனுக்கு முழங்கால் போனது. சவ்வு தேய்ந்துவிட்டது, இனி ஓடினால் நடக்கவும் முடியாது என்றார் மருத்துவர். வேறு இரண்டு பேரை வைத்து ஓடிப்பார்த்தாள். ஒருவருக்குக் காலடி குட்டை. இன்னொரு பெண் நன்றாக ஓடினாள், ஆனால் வாய் ஓயவில்லை. "அவ கதைய முழுசாக் கேக்கணும்னா மாரத்தான்தான் ஓடணும்" என்று சொல்லிவிட்டுத் தங்கை அதையும் விட்டாள். நான்கு மாதம் ஓடாமல் இருந்தாள். சரியாகச் சாப்பிடவில்லை. அதன் பிறகு ஒரு நாள் தானாகவே நீச்சல் குளத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். ஒன்றரை வருடத்தில் குளம் சிறிதாகிவிட்டது. ஐம்பது மீட்டருக்கு ஒருமுறை சுவர் வருவது எரிச்சலாக இருக்கிறது என்றாள்.

ஊருக்கு மேற்கே ஏரி இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை கரையிலிருந்து கரைக்கு ஐந்து கிலோமீட்டர் நீந்தும் போட்டி நடக்கும். பார்வை இல்லாதவர் யாரும் அதில் இறங்கியதில்லை. அவள் எழுதிக் கேட்டாள். பக்கத்தில் ஒரு படகும், அதில் குரல் கொடுக்க அவளுடைய ஆள் ஒருவரும் இருந்தால் இந்த ஒரு தடவை அனுமதிக்கிறோம் என்று பதில் வந்தது. 'இந்த ஒரு தடவை' என்பதை அண்ணன் வாசித்தபோது இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள்.

அம்மாவும் ஒன்று சொன்னாள். "ஒரு தடவைதான். அதுல முடியலன்னா ஏரிப் பேச்ச எடுக்கக் கூடாது. விரிப்ப மடிச்சிட்டு வீட்டுல இருக்கணும்."

"சரிம்மா."

"சத்தியமா?"

"அதான் சரின்னுட்டேனே."

*

ஏரியில் பழகத் தொடங்கியபோது அவளால் நேராகப் போக முடியவில்லை. குளத்தில் இரண்டு பக்கமும் மிதவைக் கயிறு உண்டு. கை பட்டால் தெரிந்துவிடும். ஏரியில் எதுவும் இல்லை. பக்கத்தில் துடுப்புப் போட்டு வந்த படகுக்காரர் அவளுக்கு நண்டு என்று பெயர் வைத்தார்.

ஒரு புதன்கிழமை மதியம் அம்மா குறி போடும் மேசைக்கு வந்தாள். விரிப்புகளின் மூலையில் வார்டு எண் அச்சிடும் மேசை அது. எழுத்து வெட்டிய தகரத் தகடுகளும் ஒரு குப்பி கறுப்பு மையும் இருக்கும். கொதிக்கும் நீரில் நூறு தடவை போட்டாலும் போகாத மை. தங்கை அங்கே உட்கார்ந்து தூரிகையை மையில் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்ற?"

"கண்ணாடிக்கு மை பூசுறேன்."

"எந்தக் கண்ணாடிக்கு?"

"நீச்சல் கண்ணாடிக்கு."

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. கிட்டே போய்ப் பார்த்தாள். "ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்."

"வலது கண்ணுல தெரியுதே உனக்கு."

"தெரியுது. அதாம்மா பிரச்சினை." தூரிகையைக் குப்பி வாயில் வழித்தாள். "தண்ணிக்குள்ள வெளிச்சம் ஒரு இடத்துல நிக்கிறதில்ல. மேலேர்ந்தும் வருது, அலையில பட்டும் வருது, அடியிலேர்ந்தும் வருது. எது எதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா கை தானா அந்தப் பக்கம் போயிடுது. நேத்து எவ்வளவு கோணலாப் போனேன்னு அண்ணன்கிட்ட கேளு."

"தெப்பக்காடு வரைக்கும் போயிட்டோம்" என்றான் அண்ணன் கொதிகலன் அறையிலிருந்து. ஏரியின் ஓரத்து நாணல் புதருக்கு அவன் வைத்த பெயர் அது. "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வாத்து முட்டை எடுத்துட்டு வந்திருக்கலாம்."

"நீ சும்மா இருடா." அம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "இத்தனை வருஷமா மருந்து ஊத்துறேன். அந்தக் கொஞ்சமும் போயிடக் கூடாதுன்னு. நீ மை பூசி மூடுற."

"கண்ணுலயா பூசுறேன்? கண்ணாடியிலதான."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

தங்கை இரண்டாவது பூச்சு பூசினாள். விரல் நுனியால் விளிம்பைத் தடவி, மை வழிந்த இடத்தைத் துணியால் துடைத்தாள். பிறகு மடியிலிருந்து மஞ்சள் நீச்சல் தொப்பியை எடுத்துப் பலகைமேல் விரித்து, தகடுகளைத் தடவித் தடவித் தேடி ஒவ்வொரு எழுத்தாக அச்சிட்டாள். முடித்ததும் தூக்கிப் பிடித்தாள்.

"அண்ணா, நேரா இருக்கா பாரு."

அவன் கையைத் துடைத்துக்கொண்டே வந்து வாசித்தான். கண் தெரியாது.

"இருக்கா?"

"'து' கொஞ்சம் சாஞ்சிருக்கு." பிறகு சொன்னான், "இத எதுக்குப் பாப்பா ஊருக்கெல்லாம் எழுதிக் காட்டணும்? பன்னண்டு வருஷம் ஓடினோம். ஒருத்தனுக்காவது தெரிஞ்சுதா?"

"தெரியல. தெரியாமதான் எத்தன பேரு என் மேல இடிச்சிட்டு 'கண்ணு தெரியல?'ன்னு கேட்டான். இனிமே வாசிச்சிட்டுக் கேக்கட்டும்."

அவன் சிரித்துவிட்டான். அம்மா சிரிக்கவில்லை. குப்பியை மூடி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். மறுநாள் காலையிலும் ஜன்னலுக்கு முன் மருந்து விட்டாள். 'தெரியுதா' என்று கேட்கவில்லை.

*

மை பூசிய கண்ணாடியோடு அவள் கோடு போட்டாற்போல் நீந்தினாள். முதல் நாளே படகுக்காரர், "தலைவரே, உங்க தங்கச்சி நண்டு இல்ல, மீன்" என்றார். துடுப்புப் போடுகிறவர் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார். அண்ணன் முன்னால் பார்த்து உட்கார்ந்து 'வலது', 'இடது', 'நேரா' என்று சொல்லிக்கொண்டு வருவான். படகு அவளுக்கு வலப்புறம் பத்தடி தள்ளி வரும். அந்தப் பக்கம்தான் அவள் மூச்செடுக்கத் தலையைத் திருப்புவாள். அவனுக்கு நீந்தத் தெரியாது. மிதவைச் சட்டையை அவன் கழற்றியதே இல்லை.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிறு காலை, காற்று அடித்தது. பழைய படகுத்துறையின் கற்தூண்கள் ஏழெட்டு தண்ணீருக்கு மேல் ஒரு சாண் அளவு தலைகாட்டி நிற்கும் இடம். தூண்கள் அவளுக்கு இடப்புறம், இருபதடி தூரத்தில். காற்று படகைத் தள்ள, அவளும் படகோடு சேர்ந்து தூணை நோக்கிச் சாய்ந்துகொண்டிருந்தாள்.

"வலது" என்றான் அண்ணன். அவள் திரும்பவில்லை. "வலது! வலது!" காற்றின் இரைச்சலில் சொல் கரைந்தது. தூணுக்கு இன்னும் பத்தடிதான். அவன் எழுந்து நின்றுவிட்டான். படகு ஆடியது.

"சோத்துக்கைப் பக்கம்! பாப்பா! சோத்துக்கைப் பக்கம்!"

அது அவளுக்குக் கேட்டது. உடனே திரும்பினாள். கொஞ்சமும் தயங்காமல், இழுப்பின் வேகத்தைக் கூட்டி, இடப்புறம் திரும்பினாள்.

தூணில் தலை மோதிய சத்தம் பெரிதாக இல்லை. மரப்பெட்டியை யாரோ ஒரு தட்டுத் தட்டியது போலிருந்தது. படகுக்காரர் துடுப்பைப் போட்டுவிட்டுக் குதித்தார். அண்ணன் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, குதிக்கத் தெரியாமல், "பாப்பா, பாப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

புருவத்துக்கு மேல் நான்கு தையல். மருத்துவமனையில் அவளைக் கிடத்திய விரிப்பின் மூலையில் அவளே போட்ட வார்டு எண் இருந்தது.

"மை பூசாத, பூசாதன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்" என்றாள் அம்மா. "அந்த வெளிச்சம் இருந்திருந்தா நெழலாவது தெரிஞ்சிருக்கும். தூணு தெரியாட்டியும் கறுப்பா ஒண்ணு நிக்குதுன்னாவது தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சிருக்காதும்மா."

"நீ பேசாத."

அவள் எதற்கு இடது பக்கம் திரும்பினாள் என்று அண்ணனுக்குப் புரியவில்லை. தான் சரியாகத்தான் சொன்னோம், அவளுக்குத்தான் திசை குழம்பிவிட்டது என்று நினைத்தான். மைதான் காரணமோ என்றும் நினைத்தான். வீட்டுக்கு வந்ததும் அவளே கேட்டாள்.

"நீ சொன்ன பக்கம்தானண்ணா திரும்பினேன்?"

"படுத்துத் தூங்கு. அப்புறம் பேசிக்கலாம்."

மறுநாள் திங்கட்கிழமை. அம்மா வேண்டாம் என்று சொல்லியும் நெற்றிக் கட்டோடு மடிக்க வந்து நின்றாள். பதினெட்டாவதோ பத்தொன்பதாவதோ விரிப்பில் ஓரம் கிழிந்திருந்தது.

"சோத்துக்கைப் பக்கம்" என்றான் அண்ணன்.

இருவரும் தூக்கினார்கள். ஒரே ஓரம். அவன் பிடித்திருந்தது வலது கையில். எதிரே அதே ஓரத்தை அவள் பிடித்திருந்தது இடது கையில். அவள் சிறு வயதிலிருந்து இடது கையால்தான் சாப்பிடுகிறாள்.

அவன் விரிப்பை விட்டுவிட்டான். அவன் பக்கம் ஈரத் தரையில் விழுந்தது.

"என்னண்ணா?"

"உனக்குச் சோத்துக்கை எது?"

அவள் இடது கையைத் தூக்கிக் காட்டப் போனாள். பாதியில் கை நின்றது. பின்னால் கொதிகலன் மூடி தடதடவென்று ஆடியது.

"அம்மா" என்று கூப்பிட்டான். "மை இல்லம்மா. நான்தான்."

நடந்ததைச் சொல்லி முடித்தான். அம்மா கேட்டுக்கொண்டு நின்றாள். "அவ எந்தக் கையால திங்கறான்னு உனக்குத் தெரியாதாடா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொன்ன?"

"தெரிஞ்சும்தாம்மா. பழக்கத்துல வாயில வந்துடுச்சு."

அம்மா தரையிலிருந்த விரிப்பை எடுத்து அழுக்குக் கூடையில் போட்டாள். "சின்னதுல அந்தக் கையில நாலு போட்டு மாத்தணும்னாரு உங்க அப்பா. நான்தான் விடல" என்றாள்.

அண்ணன் இனிப் படகில் ஏறமாட்டேன் என்றான்.

"அப்ப நானும் இறங்க முடியாது."

"படகுக்காரர் சொல்லட்டும். வேற யாராவது சொல்லட்டும்."

"வேற யாரு சொன்னாலும் எனக்குக் கேக்காதுண்ணா. தலையத் திருப்பி மூச்சு எடுக்கிற நேரம் ஒரு நொடிகூட இல்ல. அதுக்குள்ள பழகின குரலு மட்டும்தான் வார்த்தையாக் கேக்கும். மத்ததெல்லாம் வெறும் சத்தம்."

"பழகின குரலுதான் உன்னத் தூணுல முட்டிச்சு."

"ஆமா" என்றாள். "அதனால விசில் வெச்சுக்கலாம். ஒண்ணு ஊதினா வலது, ரெண்டு ஊதினா இடது. விசிலுக்குச் சோத்துக்கை கிடையாது."

"விசில யாரு வேணா ஊதலாமே."

"ஊதலாம். விசிலால முடியாதது ஏதாவது வந்துச்சுன்னா?"

போட்டிக்கு முந்தைய மூன்று வாரமும் அவன் கொதிகலன் அறையில் தனக்குள்ளேயே ஒன்று, இரண்டு என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தான்.

*

போட்டியின் நடுவர் பள்ளியில் டிரில் டீச்சராக இருந்தவர். எல்லோரையும் வரிசையில் நிறுத்தி விதிகளை வாசித்தார். படகைத் தொடக்கூடாது. படகில் இருப்பவரும் தொடக்கூடாது. மறுகரையில் தானாக எழுந்து, இரண்டு குதிகாலும் தண்ணீரை விட்டு வெளியே வரும்வரை தானாக நடக்க வேண்டும். யார் கை பட்டாலும் கணக்கில் வராது.

"விழுந்துட்டா?" என்று கேட்டாள் அம்மா.

"அவங்களே எந்திரிக்கணும்."

"என் பொண்ணுக்கு..."

"தெரியும்மா. தொப்பியிலயே போட்டிருக்கே." டீச்சர் கடுமையாகச் சொல்லவில்லை. "எல்லாருக்கும் ஒரே விதிதான். அவங்க எழுதின கடுதாசியிலயும் அதத்தான் கேட்டிருந்தாங்க."

அம்மாவையும் மற்றவர்களையும் வண்டியில் மறுகரைக்கு அழைத்துப் போனார்கள். ஏழு மணிக்குத் தங்கை தண்ணீரில் இறங்கினாள்.

முதல் இரண்டு கிலோமீட்டர் வரை அண்ணன் ஆறு தடவைதான் ஊதினான். மூன்றாவதில் அவள் வாந்தி எடுத்தாள். நீந்துவதை நிறுத்தி, நின்ற இடத்திலேயே காலை உதைத்துக்கொண்டு, தண்ணீரில் முகத்தை வைத்து எடுத்தாள். அவன் சர்க்கரைத் தண்ணீர்க் குப்பியைக் கயிற்றில் கட்டி இறக்கினான். குப்பி விழுந்த சத்தத்தை வைத்துத் தேடினாள். கை இரண்டு தடவை தப்பியது. மூன்றாவது தடவை அவள் விரல் படகின் பக்கப்பலகைக்கு ஒரு சாண் தூரத்தில் வந்துவிட்டது.

அவன் கை தானாக நீண்டது.

"தலைவரே" என்றார் படகுக்காரர். "கைய மடக்கிட்டு உக்காருங்க. இல்லன்னா ரெண்டையும் என் துடுப்போட சேத்துக் கட்டிருவேன்."

இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டான். அவள் குடித்தாள், பாதியைத் துப்பினாள். உதடு நீலமாக இருந்தது.

"எவ்வளவு இருக்குண்ணா?"

"பாதிக்கு மேல போயாச்சு."

"பொய் சொல்லாத."

"பொய் இல்ல."

அவள் திரும்பவும் குப்புறக் கவிழ்ந்தாள். அதன் பிறகு அவன் பார்த்ததெல்லாம் மஞ்சள் தொப்பியும் மாறி மாறி எழும் இரண்டு கைகளும்தான். பன்னிரண்டு வருடத்தில் அவள் சோர்ந்தால் முதலில் அவன் மணிக்கட்டுக்குத்தான் தெரியும். இங்கே எதுவும் தெரியவில்லை. கை எழும்புவது மெதுவானால், சோர்வா, குளிரா, வேண்டுமென்றே அப்படி நீந்துகிறாளா என்று அவனுக்குச் சொல்ல முடியவில்லை. எண்ணிக்கொண்டு மட்டும் வந்தான். நிமிடத்துக்கு ஐம்பத்தாறு. ஐம்பது. நாற்பத்துமூன்று.

கரை தெரிந்தபோது இரண்டு மணி நேரம் ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. கரையிலிருந்து நாற்பதடியில் ஒரு சிவப்புக் கொடி. படகுகள் அதைத் தாண்டக் கூடாது. படகுக்காரர் நிறுத்தினார். தங்கை தாண்டிப் போனாள். கை தரையைத் தட்டியதும் நீந்துவதை நிறுத்தினாள்.

எழுந்தாள். விழுந்தாள். மூன்று மணி நேரம் படுத்தே இருந்த உடம்புக்கு நிற்பது மறந்திருந்தது. திரும்ப எழுந்தபோது அவள் முகம் கரைப்பக்கம் இல்லை. தொடையளவு நீரில் பக்கவாட்டாக நின்றாள்.

கரையில் அறுபது எழுபது பேர் இருந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"இந்தப் பக்கம்! இந்தப் பக்கம்!"

"இங்க வாங்க! இங்க!"

கை தட்டினார்கள். யாரோ ஒருவர் தகரத்தை அடித்தார். கரை அரைவட்டமாக வளைந்திருந்ததால் சத்தம் மூன்று பக்கமிருந்தும் வந்தது. அம்மா எங்கிருந்தோ "பாப்பா, இங்கடி" என்று கத்தியது அதில் கரைந்துவிட்டது. டீச்சர் கைகளை உயர்த்தி எல்லோரையும் அடக்கப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. அவளுக்கு நல்லது செய்யத்தான் எல்லோரும் கத்தினார்கள்.

தங்கை அரைச் சுற்று சுற்றினாள். பிறகு இன்னும் கொஞ்சம்.

"அண்ணா" என்றாள்.

"பாப்பா" என்றான் அவன், யோசிக்காமல்.

அவள் முகம் தெளிந்தது. குரல் வந்த திசைக்குத் திரும்பி நடக்கத் தொடங்கினாள். தொடையளவு நீர் இடுப்புக்கு வந்தது. ஏரிக்குள் வந்துகொண்டிருந்தாள்.

அவன் வாயை மூடிக்கொண்டான். அவள் நின்றாள்.

"அண்ணா? எங்க இருக்க?"

விசில் அவன் கழுத்தில் தொங்கியது. ஒன்று ஊதினால் வலது, இரண்டு ஊதினால் இடது. திரும்பு என்பதற்கு அவர்கள் ஊதல் வைத்துக்கொள்ளவில்லை. எதை ஊதினாலும் அவள் அவனை நோக்கித்தான் வருவாள்.

"அண்ணா, பேசு. ஏன் பேசமாட்டேங்கிற?" இன்னொரு அடி எடுத்து வைத்தாள்.

"வராத" என்று கத்தினான்.

அவள் அசையவில்லை.

"என்கிட்ட வராத பாப்பா. நான் ஏரியில இருக்கேன். எனக்கு முதுகக் காட்டு. முதுகக் காட்டிட்டு நட."

"எவ்வளவு தூரம்?"

"என் சத்தம் சின்னதாகுற வரைக்கும் போ. என்னை விட்டுப் போ."

அவள் திரும்பினாள். தொப்பியின் எழுத்துகள் இப்போது அவனைப் பார்த்தன. ஓர் அடி வைத்தாள். அவன் நிறுத்தினால் அவளுக்குத் திசை போய்விடும். ஆகவே நிறுத்தாமல் கத்தினான். "போ. போ. போ." அவள் முழங்கால் மடங்கி முன்னால் விழுந்தாள். எழவில்லை. "போ" என்றான். கைகளை ஊன்றித் தவழ்ந்தாள். "போ." நீர் மணிக்கட்டுவரை குறைந்தது. கரையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள். அம்மா இரண்டடி தூரத்தில் துண்டோடு குனிந்து நின்றாள். தொடாமல் பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து போனாள். அவள் அழுகிறாளா என்று படகிலிருந்து தெரியவில்லை. தங்கை ஒரு காலை ஊன்றி எழுந்தாள். ஆடினாள். ஒரு குதிகால் மணலுக்கு வந்தது. பிறகு இன்னொன்று.

டீச்சர் நீளமாக விசில் ஊதினார். அம்மா அவளைத் துண்டோடு கட்டிக்கொண்டாள். கரை முழுவதும் அவர்களைச் சூழ்ந்துகொண்டது. மஞ்சள் தொப்பி மறைந்துவிட்டது.

"போ" என்று கத்தினான் அண்ணன். "போ. போ."

"தலைவரே" என்றார் படகுக்காரர். துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, அவனைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துச் சொன்னார். "அவங்க போயாச்சு."

அவனுக்கு அது கேட்கவில்லை. குரல் உடைந்து காற்று மட்டும் வந்தது. அப்போதும் அவன் சொல்லிக்கொண்டே இருந்தான்.